புழுக்காரி புருஷன்

பிப்ரவரி 10

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நான், உன் அண்ணன், தட்டு தட்டாகப் புழுக்கள், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? ஆஸ்பத்திரி வார்டிலேயே வேலை பார்த்துக்கொண்டு இருமலோடு அலைகிறவள் நீ ஒருத்திதான் இருப்பாய்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் உன் அண்ணன் சட்டைப்பையில் இருக்கிறது. நான் பேசும்போது அவர் எதிரிலேயே உட்கார்ந்து நகம் வெட்டுவார். பேப்பரில் எழுதினால் முழு வாக்கியம் எழுத முடிகிறது.

நேற்று எனக்குப் பரிசு கொடுத்தார்கள். "இந்த வருஷத்தின் சிறந்த பெண் பட்டு விவசாயி." பெரிய பந்தல், பின்னால் "பெண்கள் கையில் பட்டு" என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பட்டு ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன். எனக்கு முன்னால் உன் அண்ணன் எழுந்து மேடைக்குப் போய்விட்டார். நான் பின்னால் போனேன். கேடயத்தை அவர் வாங்கினார். என் கையில் பூங்கொத்து. மைக்கையும் அவரிடமே நீட்டினார்கள்.

"என் வீட்டம்மா புழு வளர்க்கணும்னு கேட்டப்போ, சரி செஞ்சுக்கோன்னு நான்தான் அனுமதி குடுத்தேன். ஒரு ஆம்பள இடம் குடுத்தா பொம்பள எவ்வளவு வேணா முன்னேறலாம்" என்றார். பத்து நிமிஷம். கைதட்டல் வேறு. ஆபீசர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முன்வரிசையில் இருந்த நம் நெட்டையக்கா மட்டும் சத்தமாகக் கேட்டாள்: "இவரு எத்தனை நாளு தழை வெட்டினாரு?" யாருக்கும் கேட்காத மாதிரி எல்லோரும் இருந்தார்கள்.

இரண்டு வருஷமாகக் கொட்டகையில் நாங்கள் நான்கு பெண்கள். நான், நெட்டையக்கா, தையல்காரி, முட்டையிலிருந்து பொரிந்து வந்த புழுவைப் பத்து நாள் வளர்த்துக் கொடுக்கும் இளம்புழு அம்மா. மற்ற மூன்று பேர் பெயரை அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்குப் பல்லைக் கடித்துத் தாடை வலிக்கிறது. வேறொன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர் குடி.

அண்ணி

*

பிப்ரவரி 21

என் அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் கடிதம் படித்து வந்த கோபத்தில் அதுவே பயந்து ஓடிப்போயிருக்கும். உங்கள் தாடை எப்படி இருக்கிறது?

அனுமதி கொடுத்தாராமா! கிணற்றடி நிலம் அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் விட்டுப்போனது. அதில் பாதி என்னுடையது. "என் பாதியில மல்பெரி நடுங்க அண்ணி" என்று சொன்னது நான். நட்டது நீங்கள். அண்ணன் அப்போது ஆறு மாதம் உங்களோடு பேசவே இல்லை, ஞாபகமிருக்கிறதா? புழு நெளிவதைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை என்று வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன். வார்டில் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா சிரித்தாள். சிரிக்க வைக்காதே என்று தலைமை நர்ஸ் என்னைத் திட்டினாள்.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. போன வாரம் அண்ணன் கூப்பிட்டான். குரலில் தேன். கொட்டகைக்குப் புதுக் கரண்ட் இணைப்பு வாங்கப்போகிறானாம், நிலத்தில் பங்குள்ள எல்லோரும் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தாள்களைக் கூரியரில் அனுப்பினான். நான் டியூட்டிக்கு நடுவில் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். மேடையில் பேசிப் பேசி அவனுக்கே கொஞ்சம் வெட்கம் வந்துவிட்டதோ என்னவோ. மின்விசிறி போட்டுக்கொண்டு தழை போடுங்கள்.

நெட்டையக்காவுக்கு என் முத்தம். அவளுக்குக் குனியச் சொல்லிக் கொடுங்கள்.

வாயாடி

*

மார்ச் 6

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? எனக்கு முதுகுவலி தவிர வேறு குறையில்லை. நெட்டையக்கா உன் முத்தத்துக்குக் குனிந்தாள், நிலைப்படியில் இடித்துக்கொண்டாள்.

புழுக்கள் நான்காவது தடவை தோல் உரித்து எழுந்துவிட்டன. இனி எட்டு நாள் பசிதான். காலையில் தண்டோடு தழையைப் பரப்பிவிட்டுக் கதவருகே நின்றால் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் கேட்கும். வானத்தில் மேகமே இருக்காது. அத்தனையும் மெல்லுகிற சத்தம். இந்த முறை ஒரு தட்டிலும் நோய் இல்லை. "இப்படி ஒரு வளர்ப்பை நான் பார்த்ததில்லடி" என்று இளம்புழு அம்மாவே சொல்லிவிட்டாள். அவள் லேசில் யாரையும் புகழமாட்டாள்.

நீ எழுதிய கரண்ட் விஷயம் எனக்குப் புரியவில்லை. கொட்டகைக்குப் போன வருஷமே கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறியும் ஓடுகிறது. ஒருவேளை மோட்டாருக்காக இருக்கும். கேட்டுச் சொல்கிறேன்.

இன்னொன்று. டீக்கடையில் உன் அண்ணனுக்கு ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது. "புழுக்காரி புருஷன்." யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது. முந்தாநாள் தபால்காரரே, "புழுக்காரி புருஷன் வீடுதானே, தெரியுமே" என்று யாருக்கோ வழி சொன்னாராம். உன் அண்ணன் அன்று டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார். வந்ததும் என்னைப் பார்த்து, "புள்ள பெத்து வளர்க்கத் துப்பில்ல, புழுவ வளர்த்து என் மானத்த வாங்குற" என்றார்.

தழைக்கட்டு தலையில் இருந்தது. இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன், அவர் இல்லை.

கூடு கட்டியதும் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இதை நான் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

எட்டு நாளில் கூடு என்றீர்கள். இன்றோடு இருபத்தேழு நாள். நடுவில் நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதிலில்லை. போன் செய்தால் அண்ணன் எடுக்கிறான். காலையில், "அவ குளிக்கிறா." மத்தியானம், "குளிக்கிறா." சாயங்காலமும், "குளிக்கிறா." ஒரே நாளில் மூன்று குளியல் போடுகிற அளவுக்குக் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. இன்று ஊசி மருந்துத் தட்டைக் கீழே போட்டுத் திட்டு வாங்கினேன். இரண்டு வரி போதும். எழுதுங்கள்.

வாயாடி

*

ஏப்ரல் 11

அன்புள்ள வாயாடிக்கு,

எல்லோரும் நலம். நீ கவலைப்படாதே.

புழுக்களுக்குப் பால் நோய் வந்துவிட்டது. எல்லாம் போய்விட்டன. தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின, பச்சையாகக் கக்கின, சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. ஆபீசர் வந்து பார்த்து நோய் என்று எழுதிக்கொண்டு போனார். இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் அடி. இடது கையால் எழுதுகிறேன்.

இப்போது லீவு போட்டு வர வேண்டாம். செலவு. உன் வேலையைப் பார். உடம்பு முக்கியம்.

அண்ணி

*

ஏப்ரல் 19

அண்ணிக்கு,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? படம் எடுத்தார்களா, கட்டுப் போட்டார்களா, விரல் மடங்குகிறதா? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

கொட்டகைக்குப் படியே கிடையாது, அண்ணி. தழை வண்டி நேராக உள்ளே வர வேண்டும் என்று வாசலைத் தரைமட்டமாக வைக்கச் சொல்லிக் கொத்தனாரோடு நீங்கள் சண்டை போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இரண்டாவது. என் வார்டில் நாலாம் நம்பர் கட்டிலில் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவி பதினைந்து வருஷமாகப் புழு வளர்க்கிறவள். உங்கள் கடிதத்தில் புழுவைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முடிக்கவே விடவில்லை. "பால் நோயா? பால் நோய்னா உடம்பு உப்பி மினுமினுன்னு ஆகும், தோல் கிழிஞ்சு பால் மாதிரி ஒழுகும், அங்கொண்ணு இங்கொண்ணா நாலஞ்சு நாள் இழுத்துச் சாகும். மொத்தக் கொட்டகையும் தலையத் தூக்கிப் பச்சையா கக்கி ஒரே நாள்ல போச்சுன்னா அது நோய் இல்லம்மா. மருந்து. யாரோ அடிச்சிருக்காங்க" என்றாள்.

யார்?

நீங்கள் பொய் சொல்லத் தெரியாதவர். ஒரே கடிதத்தில் இரண்டு பொய் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் இடது கையால். வீட்டு முகவரிக்கு நான் எழுதுவது உங்களுக்குச் சிரமம் என்றால் இளம்புழு அம்மா வீட்டு முகவரி கொடுங்கள். யார் என்று மட்டும் சொல்லுங்கள்.

வாயாடி

*

மே 3

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் அண்ணிக்கு நீ எழுதிய கடிதம் என் கைக்கு வந்தது. ஊரில் இல்லாத உனக்கு இங்கே நடப்பதைப் பற்றி என்ன தெரியும்? நாலாம் கட்டில் பொம்பளை சொன்னாளாம், ஐந்தாம் கட்டில் பொம்பளை சொன்னாளாம். கொட்டகையில் கொசு மொய்த்தது, கொசு மருந்து அடித்தேன். அது புழுவுக்கு ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? வேண்டுமென்று செய்வேனா? கைகலப்பில் அவள் கையில் பட்டதும் தெரியாமல் பட்டதுதான். இதை ஊதிப் பெரிதாக்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிணற்றடி நிலத்தைச் செங்கல் சூளைக்காரர் கேட்கிறார். மண் நல்ல மண். சூளையில் எனக்கு மேற்பார்வை வேலையும் தருவதாகச் சொல்கிறார். மேசை, நாற்காலி போட்டு உட்கார வைப்பாராம். உனக்குப் புரியாது. பொண்டாட்டி பேரைச் சொல்லிப் புருஷனுக்கு அடையாளம் சொல்கிற ஊரில் ஒரு மனுஷன் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? டீக்கடைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள்களில் இரண்டாவதைப் படித்துப் பார்த்தாயா? உன் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று அதில் இருக்கிறது. பதிவு ஆபீசில் நீ நேரில் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தெட்டாம் தேதி வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. இனி அவளுக்குக் கடிதம் எழுதாதே. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும். நாத்தனார் என்றால் நாத்தனார் மாதிரி இரு.

அண்ணன்

*

மே 9

என் வாயாடிக்கு,

இளம்புழு அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். இனி இந்த முகவரிக்கே எழுது. விரல் மடங்குகிறது. கட்டு நேற்றுத்தான் பிரித்தார்கள். எலும்பில் கீறல் என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். நீ கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். உன் கடிதம் முதலில் அவன் கைக்குப் போயிருக்கிறது. தபால்காரர் மனசு கேட்காமல் வந்து சொன்னார், அவன் இல்லாத நேரம் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தேன்.

யார் என்று கேட்டாய். உனக்கே தெரிந்திருக்கும். என் வாயால் சொல்லவில்லை என்று நாளைக்கு இருக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

மார்ச் பத்தாம் தேதி, உச்சிவெயில். நானும் நெட்டையக்காவும் தோட்டத்துக் கடைசியில் தண்டு வெட்டிக்கொண்டிருந்தோம். தையல்காரி வீட்டுக்குப் போயிருந்தாள். தழைக்கட்டோடு திரும்பினால் கொட்டகை வாசலிலேயே நெடி மூக்கை அறுத்தது. உள்ளே அவன். தோளில் வயலுக்கு மருந்து அடிக்கிற டேங்க். மூன்றாவது வரிசையில் நின்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தான். கோபத்தில் கண்மண் தெரியாமல் அடித்திருந்தால்கூட ஒரு மாதிரி. இவன் ஒரு தட்டு விடவில்லை. மேல் தட்டை அடித்துவிட்டுக் குனிந்து கீழ்த் தட்டை அடித்தான்.

"என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

"கொசு இருக்கு" என்றான்.

"என் கண்ணப் பார்த்துச் சொல்லுங்க."

பார்க்கவில்லை. "இனிமே எவனும் என்ன அப்படிக் கூப்பிட மாட்டான்" என்று மட்டும் சொன்னான்.

நான் குழாயைப் பிடித்து இழுத்தேன். குழாயின் நுனியில் இருந்த பித்தளைக் கம்பியாலேயே மணிக்கட்டில் போட்டான். இரண்டு தடவை. முதல் அடி பிடியை விடுவிக்க என்றால், இரண்டாவது எதற்கு? நான் அதற்குள் விட்டுவிட்டிருந்தேன். நெட்டையக்கா அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள். ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று என்னிடம் கேட்டார்கள். அவன் பின்னாலேயே வந்து நின்று, "வழுக்கிட்டா" என்று பதில் சொன்னான். எனக்கு ஒரு வாய் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

புழுவைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அத்தனை புழுவும் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டின. தழையெல்லாம் பச்சை எச்சில். விரல் நீளம் இருந்தது சுருங்கிப் பாதியாயிற்று. மழைச்சத்தம் நின்றுபோயிருந்தது. தையல்காரி ஓடிவந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் கழுவினாள், "விடுடி" என்று சொல்லச் சொல்லக் கழுவினாள். குழி வெட்டிப் புதைத்தோம். நான்கு பேர் உழைப்பு அது. என் புருஷன் செய்ததற்கு அந்த மூன்று பேர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நான் நின்றேன். நெட்டையக்கா முந்தானையைக் கிழித்து என் மணிக்கட்டில் கட்டினாள்.

மறுநாள் ஆபீசர் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றார், அப்படி ஒரு நெடி. "விஷம்னு எழுதினா விசாரணை வரும்மா. திட்டத்துக்கே கெட்ட பேரு. பால் நோய்னு போட்டுக்கலாம். குடும்ப விஷயம் பாருங்க" என்றார். பரிசு கொடுத்த அதே கையால் எழுதினார். நான் அதையே உனக்கும் எழுதினேன். அவர் பொய் சொன்னது வேலைக்காக. நான் சொன்னது, அவன் உன் கூடப் பிறந்தவன் என்பதற்காக. அதுவும் இல்லை, வெட்கத்துக்காக. அடித்தவனுக்கு இல்லாத வெட்கம் அடி வாங்கியவளுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ!

நான் அந்த வீட்டில் இல்லை. திரும்பிப் போகவும் மாட்டேன். நீ வருவதானால் சமாதானம் பேச வராதே. அப்படி வந்தால் உன்னோடும் பேச மாட்டேன்.

அண்ணி

*

மே 16

அண்ணி,

நலமா, சௌக்கியமா என்று இன்று எதையும் கேட்கப்போவதில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பழகுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அவ்வளவுதான்.

இந்த உறையில் இன்னொரு கடிதம் இருக்கிறது. அண்ணன் எனக்கு மே மூன்றாம் தேதி எழுதியது. நகல் இல்லை, அசல். படித்துப் பாருங்கள். நான் உங்களிடம்தான் யார் என்று கேட்டிருந்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குத் தானாக வந்து பதில் சொல்லியிருக்கிறான். மருந்து அடித்தேன் என்று எழுதியிருக்கிறான், கையில் பட்டது என்று எழுதியிருக்கிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவன் நெஞ்சு கடிதமே எழுதிவிட்டது. இதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். நான்கு பேரும் சேர்ந்து போங்கள்.

என் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. நோயாளிக்குக் கொடுக்கிற மாத்திரைச் சீட்டை மூன்று தடவை படிக்கிறவள், என் சொந்த நிலத்துக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அண்ணன்தானே என்று. நல்ல வேளை, பதிவு ஆபீஸ்காரர்களுக்கு அண்ணன் தங்கை பாசம் கிடையாது.

இருபத்தெட்டாம் தேதி வருகிறேன். அவன் சொன்ன தேதியில், அவன் சொன்ன ஆபீசுக்கே. விட்டுக்கொடுக்க இல்லை. சம்மதம் ரத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என் பாதியைப் பிரித்துக் கேட்டு மனு போட்டுவிட்டு, அந்தப் பாதியை உங்கள் நான்கு பேர் பெயரிலும் குத்தகைக்கு எழுதப்போகிறேன். மல்பெரியும் கொட்டகையும் என் பாதியில்தான் இருக்கின்றன. சூளைக்காரருக்கு மண் வேண்டுமென்றால் அண்ணன் தன் பாதியைத் தோண்டிக் கொடுக்கட்டும். சமாதானம் பேச வருவேன் என்று எப்படி நினைத்தீர்கள்? அந்த ஒரு வரிக்காக உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

வாயாடி

*

ஜூலை 28

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் நலம். பஸ்ஸில் போன பிறகு உனக்கு ஜுரம் வந்ததாக எழுதியிருந்தாய், விட்டதா?

நீ வந்து போன பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். ஸ்டேஷனில் முதல் நாள், "புருஷன் மேலயே புகாரா? போய்ப் பேசித் தீர்த்துக்கோங்கம்மா" என்றார்கள். நாங்கள் நான்கு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் சாயங்காலம் ஐந்துவரை எழவில்லை. தையல்காரி அங்கேயே பொத்தான் தைத்து முடித்தாள். கடைசியில் எழுத்தர் உன் அண்ணன் கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். "இதுல அவரே எழுதியிருக்காரே" என்றார். "அதத்தானே காலையிலேருந்து சொல்றோம்" என்றாள் நெட்டையக்கா.

இன்னொன்று உனக்குத் தெரியாது. அன்றைக்கு நாங்கள் புதைக்கும்போது இளம்புழு அம்மா கொஞ்சம் தழையும் புழுவும் எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு மெழுகால் மூடி வைத்திருந்தாள். எங்களிடம்கூடச் சொல்லவில்லை. "எப்பவாவது ஒரு நாள் கேப்பாங்கன்னு வெச்சேன்" என்றாள். சோதனைக்கு அனுப்பினார்கள். வயலுக்கு அடிக்கிற மருந்து என்று முடிவு வந்தது. கொசு மருந்து இல்லை.

நீ எழுதிக் கொடுத்த குத்தகைத் தாளோடு போய்க் கொட்டகையைத் திறந்து கழுவினோம். தட்டுகளைக் கழற்றி வெயிலில் போட்டோம். பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, மறுபடி தண்ணீர் என்று ஐந்து தடவை. முதலில் பத்துப் புழுவை மட்டும் விட்டுப் பார்த்தோம். பிழைத்தன. அப்புறம்தான் முழுக்க விட்டோம். போன வாரம் எல்லாம் கூடு கட்டி முடித்தன.

அதைக் கேள்விப்பட்டு ஆபீசர் கேமராக்காரரோடு வந்தார். ஏதோ புத்தகம் போடுகிறார்களாம், நான் கூட்டைக் கையில் அள்ளிக்கொண்டு சிரிக்க வேண்டுமாம். "மார்ச்சுல நோய்னு எழுதினீங்களே, அத அடிச்சிட்டு உண்மைய எழுதுங்க. அப்புறம் சிரிக்கிறேன்" என்றேன். மேலே கேட்க வேண்டும் என்றார். கேட்டுவிட்டு வாருங்கள் என்று கதவைச் சாத்தினோம். நேற்று வந்து, அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கேமராவைக் கொண்டுவர மறந்துவிட்டாராம்.

வழக்கு ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி. அவன் வக்கீல், அந்தக் கடிதம் அவன் எழுதியதே இல்லை, நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டது என்கிறார். அது யார் எழுத்து என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவள் நீ மட்டும்தான். வா என்று உன்னிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. வராதே என்றும் சொல்லப்போவதில்லை.

ஜுரத்தோடு குளிக்காதே.

அண்ணி

*

ஆகஸ்ட் 9

அண்ணனுக்கு,

நான் நலம். ஜுரம் விட்டுவிட்டது.

உன் கடிதம் வந்தது. "ஒரே வயிற்றில் பிறந்தவள் நீ. அது என் கையெழுத்து இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் பிழைத்துப்போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அதையும் அதே கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறாய்.

அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தினபோது எனக்கு ஆறு வயது, உனக்குப் பன்னிரண்டு. அடுப்புக்கரியை எடுத்துச் சமையலறைத் தரையில் எழுதிக் காட்டினாய். என் கையைப் பிடித்து எழுத வைத்தாய். அப்பா பார்த்துவிட்டார். பெல்ட்டால் அடித்தார். நீ அழாமல், "அவ 'ழ' வரைக்கும் வந்துட்டாப்பா, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்றாய். மறுநாளும் எழுதிக் கொடுத்தாய். முதுகெல்லாம் வரி வரியாக இருந்தது. அந்த வருஷக் கடைசியில் நான் பள்ளிக்கூடம் போனேன் என்றால் உன்னால் போனேன்.

அதை நான் மறக்கவில்லை. கோர்ட்டில் அதையும் சொல்வேன். எழுத்து எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் இல்லையா? எனக்கு எழுதக் கற்றுக் கொடுத்ததே இவன்தான் என்று சொல்வேன். உன் 'ழ'வின் வால் கீழே போய் இடது பக்கம் சுருண்டு ஒரு சுழி போடும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எவ்வளவு திருத்தியும் என் 'ழ'வும் அப்படித்தான். கேட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

உன்னை அப்பா அடித்தது ஒரு பெண் படிக்கக் கூடாது என்பதற்காக. நீ அண்ணியை அடித்தது எதற்காக என்று யோசித்துப் பார். டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள் என்று கொட்டகை முழுக்க உயிரைக் கொன்றாய். அந்த நாலு பேருக்கு மருந்து அடிக்க உனக்குத் தைரியம் இல்லை.

இனி எனக்கு எழுதாதே. எழுதினாலும் பரவாயில்லை, வக்கீலிடம் கொடுத்துவிடுவேன்.

உன் எழுத்தை நான் அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால், நான் எழுதுவதையே மறக்க வேண்டும். மறக்க மாட்டேன். பதினெட்டாம் தேதி, காலை வண்டிக்கு வருகிறேன்.

தங்கை